மேற்கைப் பார்க்காத சேவல்

பச்சைப் பொத்தானை அழுத்தியபின் எனக்கு இங்கே வேலை கிடையாது. இரும்புத் தகடு வெட்டுகிற இந்த மெஷினை வாங்கும்போது நான் யோசிக்காமல் விட்டது இதைத்தான். கையால் வெட்டினால் கை ஓடும், மனசு கையின் பின்னால் ஓடும். இது தானாக வெட்டும். டார்ச் தகட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்கும், கொஞ்சம் எழும்பும், நீலமாகச் சீறும், கணினியில் நான் வரைந்துவைத்த கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். நான் கறுப்புக் கண்ணாடியும் காதுமூடியும் மாட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். விட்டுவிட்டுப் போகவும் முடியாது. சூட்டில் தகடு எங்காவது வளைந்து எழுந்தால் டார்ச் போய் முட்டிக்கொள்ளும், அப்போது நிறுத்த ஒரு ஆள் வேண்டும். முட்டாத வரைக்கும் அந்த ஆளுக்கு யோசிப்பதைத் தவிர வேறு ஜோலி இல்லை. கார் இல்லாத வீட்டின் கார் ஷெட்டில் நின்று யோசிக்கிறவன். இன்றைக்கு வெட்டுவது விற்பனைக்கு அல்ல, என் கூரைக்கு. அங்கே காற்றுத் திசை காட்ட நான் வைத்த தகட்டுச் சேவலை இறக்கிவிட்டு அந்த இடத்தில் வைக்க ஒரு பிச்சிப்பூக் கொத்து. வாய் இல்லாதது, கண் இல்லாதது, திரும்பாதது. சாயங்காலத்துக்குள் மேலேறி மாற்றிவிட்டால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது நிமிர்ந்து பார்க்கும்போது, ஓ, எடுத்துவிட்டான் என்று நினைக்கலாம். யாராவது என்ன யாராவது. அந்த வீட்டில் இப்போது ஒரே ஆள்தான். சுசீலாபாய் மயினி. அவர் நிமிர்ந்து பார்த்து, மனசு இளகி, மறுபடியும் சுவர்ப் பக்கம் வந்து “சாப்பிட்டியளா தம்பி?” என்று கேட்டால் போதும். அதற்குத்தான் இந்தத் தகடு. வேறு ஒன்றுக்கும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த ஷெட்டில் வெட்கப்பட்டு யார் பார்க்கப்போகிறார்கள்.

அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவனைப் பார்த்தும் அதைத்தான் கேட்பார்கள். மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு நான் குழாயடியில் கைகழுவுவேன். சோப்பு போட்டாலும் இரும்புக் கறுப்பு நகக்கண்ணில் நிற்கும். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டு மயினி அவர்கள் பக்கத்துத் துணிக்கொடியிலிருந்து கேட்பார். முகம்கூடத் தெரியாது, சுவருக்கு மேலே ஈரப் புடவையின் விளிம்பும் கிளிப்பு மாட்டுகிற விரல்களும்தான். “சாப்பிட்டியளா தம்பி?” நான் “ஆச்சு மயினி” என்பேன். சில நாள் ஆகியிருக்காது, இருந்தாலும் ஆச்சு என்பேன். இல்லை என்றால் கிண்ணத்தில் ஏதாவது வரும், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும், போனால் உட்காரச் சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவன் ஒரு குடும்பத்து வீட்டில் உட்கார்ந்தால் எப்போது எழுந்திருப்பது என்று தெரியாது. அதனால் ஆச்சு. அத்தோடு பேச்சு முடிந்தது. என் ஒரு நாளில் மனிதக் குரல் அவ்வளவுதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. கூரை வேலை எடுத்துச் செய்கிற ஜெஸ்டஸ் வாரத்துக்கு ஒருமுறை வண்டியோடு வந்து தகடுகளை ஏற்றிக்கொண்டு போவான், அவன் பேசுவதெல்லாம் மயில் வேண்டும், சூலம் வேண்டும், பிறை வேண்டும், சிலுவை வேண்டும் என்பதுதான். ஷீட் கூரை போட்ட வீட்டுக்காரர்களுக்கு முகட்டில் ஏதாவது நிற்க வேண்டும். மொட்டையாக விட்டால் கோழிப்பண்ணை மாதிரி இருக்கிறதாம். தங்கச்சி திருவனந்தபுரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டாயா என்று கேட்பாள், போட்டேன் என்பேன். அதுவும் ஆச்சு மாதிரிதான். மயினியின் வீட்டுக்காரர் சிதம்பரதாணு அண்ணன் இறந்துபோனபிறகு சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிறது, கதவு திறக்கிறது, துணி உதறுகிற சத்தம்கூட இரண்டொரு தடவை கேட்டது. கேள்வி வரவில்லை. முதல் வாரம் சரி, துக்க வீடு. பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் பந்தலைப் பிரித்துப் போனபிறகும் வரவில்லை. நான் குழாயைத் திறந்துவிட்டுக் கைகழுவி முடித்தபிறகும் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு நின்றேன். பிறகு வெறுத்துப்போய் மத்தியானத்தில் மெஷினை நிறுத்துவதையே விட்டுவிட்டேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு தகடு ஓடும். காதுமூடிக்குள் இருந்தால் கேட்காதது தெரியாது.

ஒரு கோடு முடிந்து அடுத்த கோட்டுக்கு டார்ச் நகர்கிற இடைவெளியில் சத்தம் சட்டென்று அடங்கும். அப்போது காதுமூடியைத் தாண்டியும் மேலே அது கேட்கிறது. கிறீச். கொஞ்சம் நிதானித்து இன்னொரு கிறீச். சேவல்தான். ஆடிக் காற்று வாலைப் பிடித்துத் தள்ளுகிறது, திரும்ப முடியாமல் தண்டு முறுகுகிறது. நான்தான் திரும்ப முடியாமல் செய்தேன். யாராவது கேட்டால் சிரிப்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளின் மேலே ஏறி இறங்கி ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளாத காற்றாலை தன்னையே உடைத்துக்கொள்ளும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். திருப்புகிற மோட்டார் சிக்கிக்கொண்டு பக்கவாட்டில் காற்று வாங்குகிற காற்றாலை எப்படி முனகும் என்று கீழே ஜீப்பில் இருந்தே எனக்குத் தெரியும். அதே முனகலை என் வீட்டு முகட்டில் நானே பற்றவைத்து வைத்திருக்கிறேன். வெல்டிங்கில் ஒரே ஒரு பொட்டு. கிழக்கே பார்த்து நிற்கட்டும் என்று. கிழக்கே ஒன்றும் இல்லை, காலி மனை, எருக்கு, ஒரு விளம்பரப் பலகை. மேற்கேதான் அவர்கள் வீடு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று மெஷினை வாங்கி முதலில் செய்தது அந்தச் சேவலைத்தான். வாலை அகலமாக வரைந்தேன், தலையைச் சிறிதாக வரைந்து கழுத்தில் ஈயத்துண்டு வைத்து எடை கொடுத்தேன், தண்டின் அடியில் பழைய பேரிங். சுண்டுவிரலால் தொட்டால் சுற்றும். அலகை மூடித்தான் வரைந்திருந்தேன். ஜெஸ்டஸ் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, ஒறங்குத சேவலா? கூவுத மாதிரி வாயைத் தொறந்து விடும்வே” என்றான். திறந்தேன். கணினியில் இரண்டு கோட்டை நகர்த்துகிற வேலைதான். அந்த இரண்டு கோடு. மேலே ஏற்றி நிறுத்திய அன்று மேற்குக் காற்று. சேவல் ஒரு சுற்றுச் சுற்றி, தயங்கி, நேராக அண்ணன் வீட்டைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றது. அண்ணன் மொட்டைமாடியில் பனியன் போட்டு நின்றுகொண்டிருந்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் ஹாரன் அடிப்பது மாதிரித்தான் சொல்வார். “ஏ தம்பி, உம்ம சேவலு என்னைப் பாத்து என்னமோ கேக்கு வே!” நான் பயந்துவிட்டேன். வீட்டைப் பார்த்து வாய் பிளந்த உருவம் நிற்பதை ஆகாது என்பார்கள் இங்கே. அதற்காகவே எதிர்த்த வீட்டில் கண்ணாடி மாட்டிவைத்துச் சண்டை போட்ட தெருக்கள் உண்டு. வால் அகலம், காற்று வாலைத் தள்ளும், அதனால் மூக்கு எப்போதும் காற்றைப் பார்க்கும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டே போனேன். அவர் கேட்டுவிட்டு, “அப்போ அது எங்க வீட்டைப் பாக்கல்ல. காத்தைப் பாக்கு. எங்க வீடு நடுவுல நிக்கி, அவ்வளவுதானே” என்றார். உள்ளே மயினியின் சிரிப்பு கேட்டது. அத்தோடு அது தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். சில விஷயங்கள் தீர்ந்துபோனதாக ஒரு ஆள் சொன்னால், அந்த ஆள் இருக்கும் வரைக்கும்தான் அது தீர்ந்திருக்கும் போல.

டார்ச் தண்டை முடித்து முதல் மொட்டுக்குப் போகிறது. தகட்டுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டியில் பொறி விழுந்து பொரிகிறது. கறுப்புக் கண்ணாடியில் அந்த ஒரு புள்ளி வெளிச்சம் தவிர உலகம் கிடையாது. பங்குனியில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போயிற்று, பேச்சு பாதி போயிற்று. ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டார்கள், எங்கள் பக்கத்து ஜன்னல். நான் போய்ப் பார்த்தேன். போனேன், பலமுறை போனேன், கட்டிலைத் தூக்கிப் போடவும் நான்தான் பிடித்தேன். அவருக்குச் சவரம்கூடச் செய்துவிட்டிருக்கிறேன். அந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் நேராக என் முகடு. அது அன்றைக்கே என் கண்ணில் பட்டது. கட்டில் ஜன்னல் பக்கம் வேண்டாமே, வெயில் அடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மயினி அண்ணனைக் காட்டி, “அவ்வொதான் அங்க போடச் சொன்னாவ” என்றார். ஆனி பிறந்து மேற்குக் காற்று பிடித்ததும் சேவல் அந்த ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. ராவும் பகலும். ஆனி கடைசியில் அவர் போய்விட்டார். சாவு வீட்டில் பந்தலுக்கடியில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனின் தங்கச்சி செல்லம்மை வாசலில் உட்கார்ந்து மேலே பார்த்து, யாரிடமும் இல்லை, பொதுவாகச் சொன்னார்: “வாயைப் பொளந்துகிட்டு இங்கேயே பாக்கு பாரு. எங்க அண்ணனைக் கொண்டு போயிட்டில்லா.” மயினி பக்கத்தில்தான் இருந்தார். மறுத்தும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை, முகத்தைத் தூக்கி என் கூரையைப் பார்த்தார். நான் கையில் நாற்காலியோடு நின்றேன். அதை எங்கே போட வேண்டும் என்று மறந்துவிட்டது. அவர் பார்த்தது சேவலையா அல்லது அதற்கும் மேலே சும்மா ஆகாயத்தையா. எத்தனையோ தடவை அந்தப் பார்வையைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை சேவலைப் பார்க்கிறார், அடுத்த தடவை ஆகாயத்தை. மூன்றாம் நாள் விடியுமுன்னே ஏணி வைத்து ஏறி சேவலைக் கிழக்கே திருப்பிப் பொட்டு வைத்தேன். அப்போது நான் நினைத்தது, திருப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று. கீழே இறங்கி வரும்போதுதான் புரிந்தது, சேவல்மேல் தப்பே இல்லை என்றால் இவன் ஏன் திருப்பினான் என்றல்லவா கேட்பார்கள். ஒத்துக்கொண்டது மாதிரி ஆயிற்று. மறுபடி ஏறி அந்தப் பொட்டை வெட்டிவிட்டால், திமிர், மறுபடி திருப்பிவிட்டான் என்பார்கள். அன்றிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து நானும் கிறீச் கிறீச்.

அதனால்தான் வேறு ஒன்று வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எதை வைப்பது என்று ஜெஸ்டஸிடம் கேட்டது தப்பு. சூரியன் என்றேன், “கட்சி” என்றான். இலை என்றேன், “அதுவும் கட்சி.” தாமரை? “சொல்லவே வேண்டாம்.” சும்மா ஒரு கை உயர்த்தின மாதிரி? “அண்ணாச்சி, நீரு தேர்தல்ல நிக்கப் போறீரா?” கலசம் வைத்தால் வீடு கோயில் ஆகிவிடும். மயிலுக்குக் கண் இருக்கிறது, ஒரு கண் இல்லை, தோகை நிறையக் கண். பிள்ளையார் யாருக்கும் முதுகு காட்டக்கூடாது. அம்பு வைத்தால், அது சும்மா இருக்கிற வீட்டை நோக்கிக் குத்துகிறது என்பார்கள். எதை வரைந்தாலும் அதற்கு ஒரு முன்பக்கம் இருந்தது, முன்பக்கம் என்று ஒன்று இருந்தால் அது யாரையாவது பார்த்தே தீரும். கடைசியில் தோவாளைப் பூச்சந்தையைக் கடந்து பஸ்ஸில் வரும்போது மூட்டை மூட்டையாகப் பிச்சியைப் பார்த்து, சரி, பூவுக்கு முன்னே பின்னே ஏது என்று தீர்மானித்தேன். திரும்பாத பூ. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அது பாட்டுக்கு நிற்கும். அப்புறம் இந்த வீட்டில் காற்றைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். அதைப் பற்றி ஒன்றுமில்லை. வரைந்து முடித்துப் பார்த்தால் மொட்டுகள் மிளகாய் மாதிரி இருந்தன. அதுவும் நல்லதுதான், மிளகாய் கண்ணேறுக்கு ஆகும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. அதற்குச் சேவல் பொறுப்பு இல்லை. அண்ணன் இருந்தவரைக்கும் மயினி என்னிடம் கேட்டது வெறும் கேள்வி. இப்போது கேட்டால், அந்த வீட்டில் ஆண் இல்லை, இந்த வீட்டில் பெண் இல்லை, நடுவில் தோளளவுச் சுவர். தெருவுக்கு அது போதும். மயினிக்கு என்னைவிட வயசு கூட என்பதோ, இரண்டு பேருக்கும் முட்டி வலி என்பதோ தெருவுக்குக் கணக்கில்லை. ஒருவேளை அதனால்தான் அவர் வருவதில்லையோ. அப்படியானால் சேவலை இறக்கி என்ன, பூவை ஏற்றி என்ன. இல்லை, அந்தப் பார்வை இருக்கிறதே. முகத்தைத் தூக்கிப் பார்த்தாரே. முதலில் சேவலை இறக்குவோம். போன வருஷம் பூச்சுத் தகட்டை வெட்டி அந்தப் புகையை இழுத்து எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. துத்தநாகப் பூச்சின் புகை அப்படித்தான் செய்யும், ஒரு ராத்திரியில் போய்விடும், தெரியும். மத்தியானம் குழாய்ச் சத்தம் வராததைக் கவனித்து மயினி அண்ணனை அனுப்பினார். அண்ணன் சுக்குக் காப்பியோடு வந்து, “உம்ம சத்தம் கேக்கலன்னு அவளுக்கு வேவலாதி. செத்துட்டீரான்னு பாத்துட்டு வரச் சொன்னா” என்றார். “சாகலன்னு சொல்லிருங்க” என்றேன். “அதை நீரே வந்து சொல்லும்.” போகவில்லை. இப்போது இந்த ஷெட்டில் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். டார்ச் பாட்டுக்குக் கடைசிக் கோடு வரைக்கும் வெட்டும். முடிந்ததும் அணைந்து, ஒழுங்காகத் தன் மூலைக்குப் போய் நின்றுகொள்ளும். மெஷின் ஓடுகிற வீட்டில் ஆள் உயிரோடு இருக்கிறான் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்தப் பக்கமும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டுச் சமையலறை ஷெட்டுக்கு நேர் பின்னால். முன்பெல்லாம் காலையில் குக்கர் விசில் கேட்டுத்தான் நான் கம்ப்ரஸரை ஓடவிடுவேன். துக்கத்துக்கு வந்த ஆட்கள் போனபிறகு விசில் கேட்கவில்லை. காதுமூடி இல்லாத காலை நேரத்திலும் கேட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை. மயினி எதைச் சாப்பிடுகிறார். ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொண்டிருப்பாரோ. சாப்பிடுகிறாரா. போய்க் கேட்கலாம். யார் போய்க் கேட்பது, அந்தச் சேவலின் சொந்தக்காரனா.

பூவின் உள்வட்டம். இதழ்களுக்கு நடுவே இதழ்களாக நான் போட்ட கோடு. டார்ச் ஒரு வளைவை முடித்து, தொடங்கின இடத்தையே வந்து தொடுகிறது, தொட்டு முடிக்கிறது, அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொளக். பூவின் நடுப்பாகம் முழுசாகத் தண்ணீரில் விழுந்துவிட்டது. பாலம் விடவில்லை. உள்ளே இருக்கிற துண்டு விழாமல் இருக்க, கோட்டை முழுசாகச் சுற்றி முடிக்காமல் அங்கங்கே நகம் அகலத்துக்கு வெட்டாமல் விட வேண்டும். நாங்கள் அதைப் பாலம் என்போம். இந்த வேலையில் முதல் நாள் படிக்கிறது அதுதான். ஜெஸ்டஸின் கடையில் பெருக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். வரையும்போது என் புத்தி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். சிவப்புப் பொத்தானை அடித்தேன். டார்ச் அணைந்தது, கம்ப்ரஸரையும் நிறுத்தினேன், கண்ணாடியைக் கழற்றி, காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு குனிந்து தொட்டியில் கையை விட்டேன். வெதுவெதுப்பான கறுப்புத் தண்ணீர். பூ கையில் அகப்பட்டது. தகட்டில் மிஞ்சியது பூ வடிவத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத் தொட்டி தெரிகிறது. ஷெட் முழுக்க எரிந்த இரும்பு வாசனை. இவ்வளவு அமைதி இந்த நேரத்தில் இங்கே இருந்து பல நாள் ஆயிற்று. மேலே கிறீச். அப்புறம், “தம்பி.” மேலே இல்லை, பின்னால். “தம்பி… ஏ தம்பி! பகவதியப்பன் தம்பி!”

சொட்டுகிற கையோடு வெளியே போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் மயினி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. முகம் முழுசாகத் தெரிந்தது. மெலிந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்ததைப் பார்க்காமல் இருக்க நான் காதைப் பார்த்தேன்.

“எத்தனை தடவை விளிக்கேன். காது போச்சா உமக்கு?”

“மெஷின் ஓடிட்டு இருந்து மயினி.”

“எப்பப் பாத்தாலும் ஓடிட்டுத்தான் இருக்கு. நேத்தும் விளிச்சேன். அதுக்கு முந்தியும். மத்தியானம் கை கழுவ வருவியளே, அப்பம் பேசலாம்னு நின்னு பாத்தா அப்பமும் கர்ருன்னு கெடக்கு. என்ன தம்பி, இனி இந்த வீட்டோட பேச்சு வேண்டாம்னு வச்சிட்டியளோ?”

கையில் இருந்த இரும்புப் பூவிலிருந்து தண்ணீர் காலில் சொட்டியது. அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அதே பார்வைதான். இந்தத் தடவை சந்தேகமே இல்லை, சேவலைத்தான்.

“அது ஏன் திரும்ப மாட்டேங்கு?”

“அது… துரு பிடிச்சிட்டு.”

“துருவா? நீங்க காத்தாலைக்கே எண்ணெய் போட்டவியல்லா. ராத்திரி பூரா கெடந்து கிறீச்சு கிறீச்சுங்கு. நானும் ஒறங்கல்ல, அதும் ஒறங்கல்ல.”

“செல்லம்மை அக்கா அன்னைக்குச் சொன்னாவல்லா மயினி. அது இங்கேயே பாக்கு, கொண்டு போயிட்டுன்னு.” சொல்லிவிட்டேன். வெளியே வந்தபிறகு அது சின்ன வாக்கியமாக இருந்தது.

“அவ சொன்னாளா? அவ எங்க மிக்சியைப் பாத்துட்டுப் போனா, மறுநாள் மிக்சி பொகைஞ்சிட்டு. அதுக்கு நான் யாரைச் சொல்ல?” முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டார். “அவ்வொ கெடக்கையில ஜன்னல்ல அதைத்தான் பாத்துட்டு இருப்பாவ. பேச்சுதான் போச்சே. காத்து மாறிச்சுன்னா கையைத் தூக்கிக் காட்டுவாவ, வடக்க திரும்பிட்டு, சாரல் வரும், துணியை எடுன்னு. ஒரு நாளும் தப்பல்ல. பஸ் ஓட்டின மாதிரி அங்க கெடந்துட்டு எனக்கு வழி சொல்லிட்டு இருந்தாவ. நானும் அதைப் பாத்துத்தான் துணி போடுதேன், எடுக்கேன். இப்பம் அது ஒரே பக்கம் பாத்துட்டு நிக்கி, நாலு வாட்டி துணி நனைஞ்சிட்டு. அதைக் கேக்கத்தான் விளிச்சேன்.”

“துரு இல்ல மயினி. நான்தான் பத்தவச்சேன்.”

“தெரியும். விடிய முன்ன நீங்க மேல நிக்கதை ஜன்னல்ல பாத்தேன். தம்பியும் நம்ம வீட்டுப் பக்கத்தை வேண்டாம்னு திருப்பிட்டாருன்னு நெனச்சேன்.”

நான் நாற்காலியோடு நின்றது மாதிரியே பூவோடு நின்றேன். அவர் பார்வை பூவுக்கு வந்தது. “அதென்ன, மிளகாயா?” “பிச்சி.” “யாருக்கு?” “யாருக்கும் இல்ல.” அவர் திரும்பினார். பேச வந்தது முடிந்துவிட்டது போல, சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, கொடியில் கிடந்த துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைப் படிக்குப் போனார். கேட்கவில்லை. இவ்வளவும் பேசினார், அதை மட்டும் கேட்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக நான் அங்கே நின்று காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், அவர் கேட்பார், நான் ஆச்சு என்பேன். படியில் முதல் காலை வைத்துவிட்டார்.

“மயினி.”

நின்றார்.

“நீங்க சாப்பிட்டியளா?”

தனக்குப் பின்னால் வேறு யாரையோ கேட்டது மாதிரி அவர் ஒரு நொடி கதவைப் பார்த்தார். அப்புறம் என்னை. தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

“இல்ல” என்றார். “ஒருத்திக்கு என்னத்த அடுப்புல வைக்கன்னு.” துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். “நீங்க மொதல்ல அதைத் திருப்பி விடுங்க.”

கிரைண்டரையும் நீள வயரையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஏணி வைத்தேன். முட்டி வலிக்கத்தான் செய்தது. முகட்டில் காற்று முகத்தில் அறைந்தது. கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக மேற்கே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன, எல்லாமே ஒரே பக்கம். சேவல் மட்டும் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுங்கியது. தண்டை இடது கையால் பிடித்தேன், அதிர்வு முழங்கை வரை வந்தது. எதிர் வீட்டில் யாரோ கேட் ஓரம் நின்று நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். கிரைண்டர் பொட்டைத் தொட்டது, கொஞ்சம் பொறி, அவ்வளவுதான். கையை எடுக்குமுன்னே சேவல் என் முகத்துக்குக் குறுக்கே வாலை வீசிக்கொண்டு திரும்பியது. தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அப்புறம் நின்றது. கிறீச் இல்லை.

கீழே ஜன்னலில் இருந்து குரல் மட்டும் வந்தது. “இங்க பாக்கா?”

“பாக்கு மயினி.”

“செரி.”

சமையலறை விளக்கு எரிந்தது. இறங்க வேண்டியதுதான், தகடு பாதியில் கிடக்கிறது, பூ ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். நான் இறங்கவில்லை. முகட்டுத் தகட்டில் கால் இரண்டையும் இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்தேன். சேவல் என் தலைக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு அந்த வீட்டையே பார்த்தது. நானும் பார்த்தேன். காற்றுக்கு நடுவே பாத்திரம் வைக்கிற சத்தம், குழாய் மூடுகிற சத்தம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு குக்கர் விசிலடித்தது.